லேபேக் லிங்க் ஆகவில்லை (திருத்தம்: லிங்க் ஆகிவிட்டது, இப்போது விடை தப்பு)

#1 தவளைப்பாய்ச்சல்

வணக்கம். ஒரு தகட்டின் மேல் நீர் இடமிருந்து வலமாக ஓடுகிறது, நடுவில் ஒரு புள்ளியில் சூடேற்றுகிறோம், வெப்பநிலை எங்கே எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடும் சின்ன புரோகிராம் ஒன்றை சி மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தகட்டை 30-க்கு 30 கட்டமாகப் பிரித்தால் 900 சமன்பாடுகள், 900 மாறிகள்.

இதுவரை நானே எழுதிய காஸ் நீக்கல் முறையை வைத்து ஓட்டினேன். நிரைகளை இடம் மாற்றும் வேலையெல்லாம் அதில் கிடையாது. மூலைவிட்டத்தில் பூஜ்யம் வந்துவிட்டால் அதாலேயே வகுத்துத் தொலைத்துவிடும். அதனால் அணிக் கணக்குகளுக்கான லேபேக் என்ற லைப்ரரி பக்கம் வந்தேன்.

உபுண்டுவில் பொதி மேலாளர் வழியாகவே நிறுவினேன், ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஆனால் சமன்பாடுகளைத் தீர்க்கும் அதன் டிஜிஇஎஸ்வியைக் கூப்பிட்டு கம்பைல் செய்தால், அப்படி ஒரு பெயருக்கு வரையறையே இல்லை என்று லிங்கர் (புரோகிராமையும் லைப்ரரியையும் இணைப்பது) சொல்கிறது. லைப்ரரி கோப்பு கண் முன்னால் இருக்கிறது. என்ன செய்வது?

#2 பழையஃபோர்ட்ரான்

கோப்பு இருந்தால் மட்டும் போதாது, தம்பி. மூன்று விஷயம் பாருங்கள்.

பெயருக்குப் பின்னால் ஓர் அடிக்கோடு போட்டீர்களா? லேபேக் ஃபோர்ட்ரானில் எழுதியது. ஜிஃபோர்ட்ரான் கம்பைல் செய்யும்போது எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக்கி, கடைசியில் ஓர் அடிக்கோடு ஒட்டிவிடும். சி-யிலிருந்து கூப்பிடும்போது அந்த வாலோடுதான் கூப்பிட வேண்டும். சி பிளஸ் பிளஸ் என்றால் எக்ஸ்டெர்ன் சி என்றும் அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தன் பங்குக்குப் பெயரைக் குதறிவைக்கும். இன்னொன்று: ஃபோர்ட்ரானுக்கு எல்லாமே முகவரியாகத்தான் போக வேண்டும். 900 என்ற எண்ணைக்கூட ஒரு மாறியில் போட்டு அதன் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம் வரிசை. கட்டளையில் உங்கள் கோப்பின் பெயர் முன்னால், லைப்ரரிகள் பின்னால். அதிலும் லேபேக் முதலில், பிளாஸ் அதற்குப் பின். லேபேக் தன் அடிப்படைப் பெருக்கல் கூட்டலுக்கு பிளாஸைத்தான் கூப்பிடுகிறது. யார் கேட்கிறார்களோ அவர் முன்னால், யார் கொடுக்கிறார்களோ அவர் பின்னால். உபுண்டுவில் லைப்ரரியை முன்னால் எழுதினால், இதுவரை யாரும் கேட்கவில்லையே என்று லிங்கர் அதைக் கழற்றியே விட்டுவிடும்.

மூன்றாவது, பெயரின் கடைசியில் டெவ் என்று வரும் பொதியை நிறுவினீர்களா? அது இல்லாத பொதி ஓட்டுவதற்கு மட்டும்தான் உதவும், லிங்க் செய்வதற்கு அல்ல.

#3 தவளைப்பாய்ச்சல்

அடிக்கோடும் இல்லை, வரிசையும் தலைகீழ். இரண்டையும் சரிசெய்தேன், லிங்க் ஆகிவிட்டது. மிக்க நன்றி ஐயா!

3-க்கு 3 அணி ஒன்றைக் கையால் கணக்கிட்டு ஒப்பிட்டேன், சரியாக வந்தது. (மூலைவிட்டத்தில் 2, பக்கத்தில் −1 என்று வருமே, அந்த அணி.) ஆனால் 900-ஐப் போட்டால் விடை அபத்தமாக இருக்கிறது. லேபேக்கில் பிழை இருக்க வாய்ப்பு உண்டா?

தலைப்பைத் திருத்திவிட்டேன்.

#4 மிதவைப்புள்ளி

லேபேக் 1992-இல் வெளிவந்தது. அதற்கு முன்னால் இருந்த லின்பேக், ஐஸ்பேக் இரண்டின் வேலையையும் எடுத்துக்கொண்டு. நம்பை, ஆக்டேவ், ஆர் எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. டிஜிஇஎஸ்வியில் இருக்கும் பிழை இத்தனை வருடம் காத்திருந்து உங்கள் கண்ணில்தான் பட வேண்டுமா என்ன.

உங்கள் அணியே நோஞ்சானாக இருக்கலாம். நிலை எண் என்று ஒன்று உண்டு. தோராயமாக, அது 10-இன் எத்தனையாவது அடுக்கோ அத்தனை இலக்கத் துல்லியம் விடையில் போய்விடும். டபுள் என்ற எண்வகையில் நம் கையில் இருப்பதே சுமார் 16 இலக்கம். ஹில்பெர்ட் அணி என்று பிரபலமான ஒன்று: 1, 1/2, 1/3 என்று பார்க்கச் சாதுவாக இருக்கும். 10-க்கு 10 ஆகும்போதே அதன் நிலை எண் 10-இன் 13-ஆம் அடுக்கைத் தாண்டிவிடும், 12-க்கு 12-இல் 16-ஆம் அடுக்கு. அங்கே வருவது விடையே அல்ல, இரைச்சல்.

இன்ஃபோ என்ன வந்தது? அணியை விடையால் பெருக்கி, வலப்பக்கத்தைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு?

#5 தவளைப்பாய்ச்சல்

இன்ஃபோ என்றால்?

#6 மிதவைப்புள்ளி

கடைசி அளபுரு. அதைப் பார்க்காமலா இத்தனை நேரம் பேசிக்கொண்டிருந்தோம்!

0 என்றால் வேலை முடிந்தது. −4 என்றால் நீங்கள் கொடுத்த நான்காவது அளபுரு செல்லாது. 7 என்றால் நீக்கலின் ஏழாவது படியில் மூலைவிட்ட உறுப்பு அச்சு அசலாகப் பூஜ்யம், தீர்வு கணக்கிடவே இல்லை. 0 வராவிட்டால் விடையைத் தொடாதீர்கள்.

#7 தவளைப்பாய்ச்சல்

இன்ஃபோ 0. மிச்சம் மட்டும் மலை போல வருகிறது.

#8 நத்தை

குறுக்கிடுகிறேன். மிச்சத்தை எந்த அணியை வைத்துப் பார்த்தீர்கள்? டிஜிஇஎஸ்வி உள்ளே போன அணியை அழித்து அதன் மேலேயே எல்-யூ காரணிகளை (அணியைப் பிரித்து வரும் கீழ், மேல் முக்கோண அணிகள்) எழுதிவிடும். வலப்பக்க வெக்டரின் மேல் விடையை எழுதிவிடும். கூப்பிடும் முன் இரண்டுக்கும் நகல் எடுத்துவைத்தால்தான் சரிபார்க்க முடியும்.

#9 தவளைப்பாய்ச்சல்

அட, அழிந்த அணியை வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். நகல் எடுத்து மறுபடி பார்த்தேன். இப்போதும் மலைதான், கொஞ்சம் சின்ன மலை.

வேறொன்றும் கவனித்தேன். நீரின் வேகத்தைப் பூஜ்யமாக வைத்தால் விடை கச்சிதமாக வருகிறது. வேகம் கொடுத்தால்தான் கெடுகிறது. படம் போட்டுப் பார்த்தேன்: நீர் வலப்பக்கம் ஓட, சூடு இடப்பக்கமாகப் போகிறது. ஆற்றை எதிர்த்து நீந்துகிற மாதிரி.

#10 பழையஃபோர்ட்ரான்

சூடு எதிர்நீச்சல் போடுகிறது என்று சொன்னீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. அணியின் நிரையும் நிரலும் இடம் மாறிப் போயிருக்கிறது.

சி-யில் அணியை நிரை நிரையாக நினைவகத்தில் அடுக்குகிறோம். ஃபோர்ட்ரான் நிரல் நிரலாகப் படிக்கிறது. கையால் செய்து பாருங்கள். முதல் நிரை 1, 2. இரண்டாம் நிரை 3, 4. வலப்பக்கம் 5, 11. விடை 1, 2 என்று மனக்கணக்கிலேயே தெரியும் (1+4 = 5, 3+8 = 11). சி-யில் இந்த அணி நினைவகத்தில் 1, 2, 3, 4 என்று கிடக்கிறது. லேபேக் முதல் இரண்டை எடுத்து முதல் நிரல் என்கிறது. ஆக அதன் கண்ணில் முதல் நிரை 1, 3. இரண்டாம் நிரை 2, 4. அதற்கு அது கொடுக்கும் விடை 6.5, −0.5. அந்தக் கணக்குக்கு அது சரியான விடைதான், இன்ஃபோவும் 0 தான். நீங்கள் கேட்ட கணக்குதான் வேறு.

வேகம் பூஜ்யமாக இருந்தால் வெறும் வெப்பப் பரவல். அந்த அணி சமச்சீர், நிரையும் நிரலும் ஒன்றுதான். உங்கள் 3-க்கு 3 சோதனையும் சமச்சீர். அதனால் இரண்டிலும் தப்பித்தீர்கள். நீரோட்டம் வந்ததும் சமச்சீர் போய்விடுகிறது. ஓட்டத்தின் உறுப்புகளை இப்படிப் புரட்டினால் ஓடும் திசையே புரண்டுவிடும். நான் பார்த்த தப்பு விடைகளிலேயே இவ்வளவு அழகாகத் தன்னைக் காட்டிக்கொடுத்த ஒன்று வேறு இல்லை. பொதுவாக இது சத்தமில்லாமல் போய்விடும்.

லைப்ரரியைச் சோதிக்கும்போது சமச்சீர் அணியை மட்டும் எடுக்காதீர்கள். 1, 2, 3, 4 போதும்.

#11 சும்மாஒருவன்

ஐயா, "நிரல் நிரலாகப் படிக்கிறது" என்றதும் புரோகிராமைத்தான் படிக்கிறது என்று நினைத்து இரண்டு முறை வாசித்தேன். பாடப்புத்தகத்தில் நிரல் என்றால் மேலிருந்து கீழ், கணினிக்காரர்களுக்கு நிரல் என்றால் புரோகிராம். சரி காலம் என்று எழுதலாம் என்றால் அது நேரத்தைக் குறிக்கிறது.

#12 பழையஃபோர்ட்ரான்

அதனால்தான் நான் புரோகிராமை புரோகிராம் என்றே எழுதுகிறேன். நிரலைக் கணக்குக்கு விட்டுவிடுங்கள்.

#13 தவளைப்பாய்ச்சல்

சி-க்கென்றே லேபேக்-இ என்ற மேலுறை இருக்கிறது என்று படித்தேன். அதில் நிரைவரிசையா நிரல்வரிசையா என்று முதல் அளபுருவிலேயே சொல்லிவிடலாம். முகவரித் தொல்லையும் இல்லை. அது தனிப் பொதி, அதையும் நிறுவி மாறிவிட்டேன். உங்கள் 2-க்கு 2 அணியைப் போட்டேன். இன்ஃபோ 0. முதல் ஓட்டத்தில் ஒரு விடை, அடுத்த ஓட்டத்தில் வேறு விடை, 1, 2 மட்டும் வரவில்லை!

கொடுத்த அளபுருக்கள்: நிரைவரிசை, 2, 1, அணி, 2, ஐபிவ் (நிரை இடமாற்றங்களைக் குறித்துவைக்கும் வெக்டர்), வலப்பக்கம், 2.

#14 நத்தை

கடைசி 2. அது 1 ஆக இருக்க வேண்டும்.

அந்த அளபுருவின் பெயர் எல்டிபி. அது அடுத்தடுத்த வரிகளுக்கு இடையே நினைவகத்தில் எவ்வளவு தூரம் என்பது. நிரல்வரிசையில் அது குறைந்தது 2, அணியின் அளவு. நிரைவரிசையில் வலப்பக்கம் என்பது 2 நிரை, 1 நிரல் கொண்ட அணி. ஒரு நிரையிலிருந்து அடுத்ததற்குத் தூரம் 1 தான். நீங்கள் 2 என்றதால் அது 5-ஐ எடுத்துவிட்டு, 11-ஐத் தாண்டிக் குதித்து, உங்கள் வெக்டருக்கு வெளியே கிடந்த எதையோ எடுத்துக்கொண்டது. ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவது அதனால்தான்.

குறைவாகக் கொடுத்தால் −8 என்று திட்டும். அதிகமாகக் கொடுத்தால் வாயே திறக்காது, ஏனென்றால் பெரிய அணிக்குள் ஒரு துண்டை மட்டும் எடுக்க அதுதான் வழி. நான் இதில் ஒரு வார இறுதி முழுவதையும் தொலைத்தவன். என் பெயர் சும்மா வரவில்லை.

#15 தவளைப்பாய்ச்சல்

1, 2 வந்துவிட்டது! 900-ம் சரி. சூடு இப்போது நீரோடு சேர்ந்தே போகிறது. மிச்சம் 10-இன் −13-ஆம் அடுக்கில் இருக்கிறது.

பேராசையில் 70-க்கு 70 கட்டமாக்கினேன். 4900 மாறிகள். தொடங்கியதும் செக்மென்டேஷன் ஃபால்ட். பெரிய அணிக்கு ஏதாவது வரம்பு உண்டா?

#16 மிதவைப்புள்ளி

அணியை ஃபங்ஷனுக்குள் சாதாரண அர்ரேயாக அறிவித்திருக்கிறீர்கள், சரிதானே? அது ஸ்டாக் என்ற சின்ன நினைவகப் பகுதியில் போகும். லினக்ஸில் ஸ்டாக் வழக்கமாக 8 எம்பி. 900-க்கு 900 டபுள் என்பது 6.48 எம்பி, மயிரிழையில் தப்பியது. 4900-க்கு 192 எம்பி. மாலாக் போட்டு ஹீப்பில் வாங்குங்கள். லேபேக்கைக் கூப்பிடும் முன்னாலேயே விழுந்திருக்கும், டீபக்கரில் பாருங்கள்.

#17 தவளைப்பாய்ச்சல்

அதேதான். மாலாக் போட்டதும் ஓடுகிறது. ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இது இயல்பா?

#18 கணக்குப்புலி

உங்களிடம் இருப்பது மாதிரிக்காக எழுதிய (ரெஃபரன்ஸ்) பிளாஸ். அது சரியாகக் கணக்குப் போடுவதற்கு எழுதியது, வேகத்துக்கு அல்ல. 4900-க்கு எல்-யூ என்றால் 4900-இன் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 7840 கோடி கூட்டல் பெருக்கல். மாதிரி பிளாஸில் நிமிடக் கணக்குதான்.

ஓபன்பிளாஸ் நிறுவுங்கள். அதுவும் இலவசம், பிஎஸ்டி உரிமம், கசுஷிகே கோட்டோ எழுதிய கோட்டோபிளாஸின் வழிவந்தது. ஒவ்வொரு பிராசஸருக்கும் தனித்தனியாகக் கையால் செதுக்கிய உள்வளையங்கள் அதில் உண்டு. டெபியன், உபுண்டு வகையில் நிறுவியதும் பிளாஸ் என்ற பெயர் தானாக அதைக் காட்ட ஆரம்பித்துவிடும், உங்கள் புரோகிராமை மறுபடி கம்பைல் செய்யக்கூட வேண்டாம். எல்டிடி கட்டளையால் எந்தக் கோப்பைப் பிடிக்கிறது என்று பாருங்கள். மாறவில்லை என்றால் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையால் மாற்றிக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால் மூலத்திலிருந்து நீங்களே பில்ட் செய்வது இன்னும் நல்லது. உங்கள் பிராசஸருக்கென்றே அமையும்.

#19 பழையஃபோர்ட்ரான்

அந்தக் கடைசி வரி வேண்டாம் புலி. பொதியில் வருவதே பல பிராசஸருக்கான உள்வளையங்களோடு வந்து, ஓடும்போது பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. புதிதாக வருபவரை மூலத்தில் தள்ளிவிட்டால், மேக் கோப்பில் ஃபோர்ட்ரான் கம்பைலர் பெயரிலேயே இரண்டு நாள் போய்விடும். லேபேக்கை மூலத்திலிருந்து கட்டி, அதன் சோதனைகளை ஓட்டி, ஸ்டாக் போதாமல் அவை விழுந்ததைப் பார்த்து, பில்டே கெட்டுப்போயிற்று என்று அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கியவன் நான்.

#20 கணக்குப்புலி

நிர்வாகி அனுமதி இல்லாத பொதுக் கணினியில் வேலை செய்பவருக்கு வேறு வழி ஏது? சொந்த ஹோம் அடைவில் கட்டித்தான் ஆக வேண்டும். 64 பிட் முழு எண் பதிப்பு வேண்டும் என்றாலும் சில இடங்களில் அப்படித்தான்.

#21 பழையஃபோர்ட்ரான்

அந்த இரண்டுக்கும் ஒத்துக்கொள்கிறேன். இவருக்கு இரண்டும் இல்லை.

#22 தவளைப்பாய்ச்சல்

பொதியையே நிறுவினேன். இரண்டு வினாடிகூட ஆகவில்லை! புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. எப்படி?

ஆனால் ஒரு சந்தேகம்: இப்போது விடையின் 14, 15-ஆவது இலக்கங்கள் பழைய விடையோடு ஒத்துப்போகவில்லை.

#23 மிதவைப்புள்ளி

ஒத்துப்போகாது, கவலை வேண்டாம். மிதவைப்புள்ளிக் கூட்டலில் வரிசை மாறினால் விடையின் வால் மாறும். பெரிய எண், சின்ன எண், அப்புறம் பெரிய எண்ணின் எதிர்மறை என்று கூட்டினால் சின்னது பாதி வழியிலேயே தேய்ந்து காணாமல் போகலாம். பெரிய இரண்டையும் முதலில் கூட்டினால் அது பிழைக்கும். ஓபன்பிளாஸ் கூட்டும் வரிசை வேறு, திரெட் எண்ணிக்கையைப் பொறுத்தும் மாறலாம். ஒப்பிட வேண்டியது மிச்சத்தை, கடைசி இலக்கத்தை அல்ல. டீபக் செய்யும்போது மட்டும் ஓபன்பிளாஸ்-நம்-திரெட்ஸ் சூழல் மாறியை 1 ஆக வையுங்கள், ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒப்பிடுவது எளிதாகும்.

வேகம் எப்படி என்றால், பிராசஸர் கணக்குப் போடுவதைவிட நினைவகத்திலிருந்து எண் வருவதற்குக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். அணியை கேச்சில் அடங்கும் துண்டுகளாக வெட்டி, உள்ளே வந்த துண்டை வெளியே விடுவதற்குள் முடிந்த மட்டும் பிழிந்துவிட்டால் காத்திருப்பு போய்விடும். பிளாஸின் மூன்றாம் நிலை, அதாவது அணியை அணியால் பெருக்குவது, 1990-இல் வரையறுக்கப்பட்டது; லேபேக் தன் வேலையை முடிந்தவரை அந்தப் பெருக்கலாக மாற்றி எழுதியது. பிளாஸை மாற்றினால் லேபேக் தானாக வேகமாக ஓடும் என்பது அவர்கள் அன்றைக்கே போட்ட கணக்கு.

#24 நத்தை

எல்லாம் சரி, 4900-க்கு முழு அணி எதற்கு? ஒரு கட்டத்துக்கு மேல், கீழ், இடம், வலம், தான், மொத்தம் ஐந்து எண்தானே. மீதி 4895-ம் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் பெருக்குவதற்கு ஓபன்பிளாஸ் வேறு வைத்திருக்கிறீர்கள்.

பெயர்களைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய ஃபோர்ட்ரானில் பெயருக்கு ஆறு எழுத்துதான் அனுமதி, அதனால் எல்லாம் சுருக்கெழுத்து. டி என்றால் டபுள். ஜிஇ என்றால் பொது அணி. எஸ்வி என்றால் தீர்வு. ஜிஇ இடத்தில் ஜிபி போட்டால் பட்டை அணி: டிஜிபிஎஸ்வி. கட்டங்களை வரிசையாக எண்ணினால் உங்கள் பூஜ்யமில்லாத உறுப்புகள் எல்லாம் மூலைவிட்டத்திலிருந்து 70 தள்ளிக்குள் அடங்கும். கீழே 70, மேலே 70. நிரை இடமாற்றத்துக்காக மேலே இன்னொரு 70 காலியாக விட வேண்டும். ஆக 70 + 70 + 70 + 1 = 211. 192 எம்பிக்குப் பதில் 211 பெருக்கல் 4900 டபுள், 8 எம்பி சொச்சம். கணக்கும் சுமார் 10 கோடிக்குள் முடியும்.

சேமிக்கும் விதம்: அணியில் (ஐ, ஜே) இடத்தில் இருப்பது பட்டையில் (141 + ஐ − ஜே, ஜே) இடத்துக்குப் போகும், 1-இலிருந்து எண்ணினால். சி-யில் 0-விலிருந்து எண்ணினால் 141 என்பது 140 ஆகும். இதை நிரல்வரிசையாகவே நிரப்புங்கள். நிரைவரிசை என்று சொன்னால் லேபேக்-இ உள்ளுக்குள் புரட்டி ஒரு நகல் எடுத்துக்கொள்ளும், நினைவகம் வீண்.

நேரம் நகர நகர வலப்பக்கம் மட்டும் மாறுகிறது என்றால், டிஜிபிடிஆர்எஃப் (காரணிப்படுத்துவது) ஒரே முறை, டிஜிபிடிஆர்எஸ் (அதை வைத்துத் தீர்ப்பது) ஒவ்வொரு முறையும். நேர்மாறு அணி கண்டுபிடித்துப் பெருக்கலாம் என்று மட்டும் யோசிக்காதீர்கள். பட்டை அணியின் நேர்மாறு பட்டையாக இருக்காது, முழுசாக நிரம்பிவிடும்.

#25 தவளைப்பாய்ச்சல்

செய்துவிட்டேன், கண் சிமிட்டுவதற்குள் முடிகிறது. 141-க்கும் 140-க்கும் நடுவில் ஒரு மாலை போனது. அதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

அடுத்து 300-க்கு 300 போகலாமா?

#26 கணக்குப்புலி

90,000 மாறிகள். முழு அணி என்றால் 64.8 ஜிபி. அதற்கு முன்னால் வேறொன்று உடையும்: 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647, அணியின் பக்கம் 46340-ஐத் தாண்டினால் மொத்த உறுப்புகளின் எண்ணிக்கை அதற்குள் அடங்காது. பட்டையில் போட்டால் 901 பெருக்கல் 90,000, சுமார் 649 எம்பி. முடியும், ஆனால் பட்டைக்கு உள்ளேயும் அநேகமாக எல்லாம் பூஜ்யம்தான். இனி லேபேக்கை விட்டுவிட்டு அருகிய அணிக்கான (பெரும்பாலும் பூஜ்யமான அணிக்கான) லைப்ரரிக்குப் போங்கள். சூட்ஸ்பார்ஸில் உள்ள உம்ஃப்பேக், அல்லது சூப்பர்எல்யூ. பூஜ்யமில்லாத 4.5 லட்சம் எண்ணுக்குள்தான் உங்கள் அணி. காரணிப்படுத்தும்போது கொஞ்சம் பெருகும், ஆனாலும் பட்டையைவிட நன்றாக இருக்கும்.

#27 தவளைப்பாய்ச்சல்

உம்ஃப்பேக் பொதி நிறுவி லிங்க்கும் ஆகிவிட்டது (உம்ஃப்பேக் முன்னால், பிளாஸ் பின்னால்). அணியைச் சுருக்கிய நிரல் வடிவத்தில் கேட்கிறது. சும்மாஒருவன் கவனிக்க, இது மேலிருந்து கீழ் நிரல்.

300-க்குப் போகும் முன் 1, 2, 3, 4 போட்டேன். முதலில் வந்தது 6.5, −0.5. சிரித்துக்கொண்டே நிரப்பும் வளையத்தைத் திருப்பிப் போட்டேன். இப்போது 1, 2.